காபிப் பொடிக்கு விலையாக பிட்காயின் வந்தால்?

கேள்வி: வணக்கம் சார். தாண்டிக்குடியில் எங்களுக்கு மூன்று ஏக்கர் காபித் தோட்டம். நானும் கணவரும் கொட்டையை வறுத்து அரைத்து, இன்ஸ்டாகிராமிலும் சொந்த வெப்சைட்டிலும் விற்கிறோம். வருடத்துக்கு ஒன்பது லட்சம் போல ஓடும். 2025 நவம்பரில் பெங்களூரு வாடிக்கையாளர் ஒருவர் 12,000 ரூபாய்ச் சரக்குக்கு பிட்காயின் அனுப்பினார். அதை டெலிகிராம் குரூப்பில் ஒருவருக்கு 14,500க்கு விற்றேன். பணம் மூன்று வேறு பெயர்களிலிருந்து வந்தது. பத்து நாளில் வங்கி அந்தத் தொகையைப் பிடித்து வைத்துவிட்டது. கேட்டால் வெளிமாநில சைபர் போலீஸ் உத்தரவு என்கிறார்கள். அதே மாதம், முன்பு வட்டக்கானலில் வந்து தங்கிப் போன ஜெர்மன்காரர் ஒருவர் 350 யுஎஸ்டிடி (டாலர் மதிப்பையொட்டிய கிரிப்டோ காயின்) அனுப்பினார். 10 கிலோ பொடியைத் தபாலில் அனுப்பினோம். அந்தக் காயின் என் கிரிப்டோ வாலட்டில் அப்படியே இருக்கிறது. கிரிப்டோ வாங்கியது குற்றமா? இனி வாங்கலாமா?
— வாசகி, தாண்டிக்குடி

பதில்: முதலில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கிரிப்டோ வைத்திருப்பதோ வாங்குவதோ நம் நாட்டில் குற்றமில்லை. கிரிப்டோ விவகாரங்களுக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் போட்ட சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்துவிட்டது. அதற்காக அது பணம் ஆகிவிடவில்லை. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவை ஒரு 'சொத்து' என்றுதான் சொன்னது. உங்கள் சிக்கல் முழுக்க இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

பெங்களூருக்காரர் உங்களுக்குப் பணம் தரவில்லை. காபி வாங்கிக்கொண்டு ஒரு சொத்தைக் கொடுத்தார். பொடிக்கு மிளகு மூட்டை வாங்கிக்கொண்ட மாதிரிதான், சட்டத்தின் கண்ணில் பண்டமாற்று. அந்த மூட்டையை நீங்கள் விற்றது தனி வியாபாரம். கணக்கும் இரண்டு.

முதல் கணக்கு காபி. விற்ற அன்றைய ரூபாய் மதிப்பு, அதாவது 12,000, உங்கள் விற்பனை வரவு. பில் ரூபாயில்தான் இருக்க வேண்டும். சொந்தத் தோட்டத்துக் காபியை நீங்களே வறுத்து அரைத்து விற்பதால், வருமான வரி விதி 7பி-யின்படி லாபத்தில் 40 விழுக்காடுதான் வியாபார வருமானம்; மீதி 60 விவசாய வருமானம். பக்கத்துத் தோட்டத்தில் வாங்கிய கொட்டைக்கு இந்தச் சலுகை கிடையாது.

இரண்டாவது கணக்கில் எந்தச் சலுகையும் இல்லை. 12,000க்கு வந்தது 14,500க்குப் போனது, 2,500 லாபம். 1961 வருமான வரிச் சட்டத்தின் 115 பிபிஎச் பிரிவுப்படி இதற்கு 30 விழுக்காடு வரி, 750 ரூபாய். அதன் மேல் 4 விழுக்காடு செஸ் 30 ரூபாய். ஆக 780. கமிஷன், கட்டணம் எதையும் கழிக்க முடியாது. விலை 9,000க்கு இறங்கியிருந்தால் அந்த 3,000 நஷ்டத்தைக் காபி லாபத்திலும் கழிக்க முடியாது, வேறு காயின் லாபத்திலும் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. லாபம் வந்தால் அரசு பங்காளி, நஷ்டம் வந்தால் நீங்கள் மட்டும். இந்த வருமானத்தைச் சிறு வியாபாரிகளுக்கான எளிய 'சுகம்' ரிட்டர்ன் படிவத்தில் காட்ட வழியில்லை. ஐடிஆர்-3 படிவம் போட வேண்டும். அதற்கு ஆடிட்டர் கேட்கும் கட்டணம் 780-ஐத் தாண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சதவீத டிடிஎஸ் பிரிவும் உண்டு. உங்களைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு ஆண்டில் கிரிப்டோ பரிமாற்றம் 50,000 ரூபாய் தாண்டினால்தான் அது வரும். இப்போதைக்கு விடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாற்பது லட்சத்துக்குக் கீழே இருப்பதால் ஜிஎஸ்டி வேண்டாம் என்று நினைத்திருப்பீர்கள். அந்த வரம்பு தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்கும்வரைதான். பெங்களூருக்கு ஒரு பாக்கெட் போனாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனை, பதிவு கட்டாயம். பச்சைக் கொட்டைக்கு வரியில்லை, வறுத்த பொடிக்கு 5 விழுக்காடு. கிரிப்டோவைவிட இதுதான் உங்களுக்கு அவசரம்.

அடுத்தது, வங்கி பிடித்து வைத்த பணம். மூன்று பெயர்களிலிருந்து வந்தது என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததுமே புரிந்துவிட்டது. யாரிடமோ மோசடி செய்த பணத்தைக் கைமாற்ற இந்த குரூப்களைப் பயன்படுத்துகிறார்கள். ஏமாந்தவர் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குப் புகார் கொடுத்ததும், பணம் போன தடத்தில் இருக்கும் கணக்குகளெல்லாம் மாட்டும். என்னிடம் ஆலோசனைக்கு வரும், கொடைக்கானலில் விடுதி நடத்தும் ஒருவருக்கும் இதேதான் நடந்தது. நாலு மாதம் ஆனது.

மேனேஜரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவர் கையில் எதுவும் இல்லை. புகார் ஒப்புகை எண், காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல், இந்த மூன்றையும் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். காபி பில், பெங்களூருக்காரருடன் நடந்த சாட், காயின் வந்துபோன பரிவர்த்தனை எண், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் சேர்த்து அந்த அதிகாரிக்கு அனுப்புங்கள். அசையவில்லையென்றால் பிஎன்எஸ்எஸ் எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 503ஆம் பிரிவில் அந்த ஊர் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். ஆனால் 14,500க்காக அவ்வளவு தூரம் போய் வர வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். 'மூவாயிரம் கொடுங்கள், வங்கி போட்ட பிடிப்பை எடுத்துத் தருகிறேன்' என்று யாராவது போன் செய்தால் அது அடுத்த மோசடி.

ஜெர்மன்காரர் விஷயத்தில்தான் எனக்கு நிஜமான கவலை. வெளிநாட்டுக்குச் சரக்கு போனால் அதன் விலை வங்கி வழியாக, அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா அனுமதிக்கும் முறையில் வர வேண்டும். யுஎஸ்டிடி அந்த முறையில் சேராது. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போட இடமிருக்கிறது. பார்சலின் சுங்கப் படிவத்தில் என்ன டிக் செய்தீர்கள்? பலரும் செய்வதுபோல 'கிஃப்ட்' என்று போட்டிருந்தால் அது இன்னொரு தவறு. விற்ற சரக்கு அன்பளிப்பு ஆகாது.

தொகை சிறியது, சரிசெய்ய நேரமும் இருக்கிறது. விலையை வங்கி மூலம் யூரோவிலோ டாலரிலோ அனுப்பச் சொல்லி அவருக்கு மெயில் எழுதுங்கள். வந்ததும் 350 யுஎஸ்டிடியை, அது வந்த முகவரிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். காரணம் அந்த மெயிலில் தெளிவாக இருக்கட்டும். அடுத்த பார்சலுக்கு முன் ஐஇசி எனும் ஏற்றுமதி-இறக்குமதி எண்ணும் காபி வாரியத்தில் ஏற்றுமதியாளர் பதிவும் எடுத்துவிடுங்கள். வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. யாரைப் பார்ப்பது என்று அங்கே கேட்கலாம்.

சரி, இனி வாங்கலாமா? வெளிநாட்டவரிடம் வேண்டவே வேண்டாம். உள்ளூர்க்காரர் பிடிவாதம் பிடித்தால், நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவான கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் கணக்கில் வாங்கி, அன்றே அங்கேயே ரூபாயாக்குங்கள். 2023 மார்ச் முதல் அந்தப் பதிவு கட்டாயம். டெலிகிராம் பக்கம் போகாதீர்கள். யுபிஐ-யில் நொடியில் கட்டக்கூடியவர் ஏன் காயின்தான் தருவேன் என்கிறார் என்று அவரிடமே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இந்த வாரம் திண்டுக்கல்லுக்கு ஆடிட்டரைப் பார்க்கப் போகும்போது வாலட்டின் ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்துப் போங்கள். காயின் வந்த தேதியும் நேரமும் அதில் தெரிய வேண்டும். அன்றைய ரூபாய் மதிப்பை வைத்துத்தான் அவர் மேலே சொன்ன இரண்டு கணக்கையும் போடுவார்.