ஏசி வகுப்பறையில் ஏன் கொட்டாவி?

கேள்வி: கொக்குவிலில் ரியூட்டரி நடத்துகிறேன். 20க்கு 30 அடி வகுப்பறைக்கு இரண்டு ஸ்பிளிற் ஏசி பூட்டினேன். முக்கால் மணித்தியாலத்தில் 40 பிள்ளைகளும் கொட்டாவி விடுகிறார்கள், தலையிடி என்கிறார்கள். அறைக்குள் இருக்கும் காற்றுக்குச் சட்டம் ஏதும் உண்டா?

பதில்: ஸ்பிளிற் ஏசி வெளிக்காற்றை எடுப்பதில்லை. உள்ளே கிடக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிராக்குகிறது. யன்னலைப் பூட்டினால், 10 அடி உயர அறையில் 40 பேரின் மூச்சால் காபனீரொட்சைட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 60 பங்கு) ஏறும். வெளியே சுமார் 420. பத்து நிமிடத்தில் 1000 ஆகிவிடும். அந்த அளவில் அது நஞ்சல்ல. மற்றவர் விட்ட மூச்சை எவ்வளவு இழுக்கிறோம் என்பதற்கான அடையாளம்.

1994இல் வந்து 2008இல் திருத்தப்பட்ட இலங்கையின் காற்றுத்தர ஒழுங்குவிதிகள் வெளிக்காற்றுக்கானவை. காபனீரொட்சைட்டு அதில் இல்லை. ஜப்பானோ பெரிய கட்டடங்களுக்கு 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1000 பிபிஎம் என்று வைத்திருக்கிறது. காற்றுத்தர ஆய்வாளர் லிடியா மொராவ்ஸ்கா தலைமையிலான நிபுணர்கள் 2024இல் பொதுக் கட்டடங்களுக்கு முன்மொழிந்தது 800. 800க்குப் போனால் ஏசி செலவு கூடும். உங்களுக்கு 1000 போதும்.

அதற்கு ஒரு பிள்ளைக்குச் செக்கனுக்கு 8 லீற்றர் வெளிக்காற்று வேண்டும். 40 பேருக்கு மணிக்கு 1150 கனமீற்றர். வலையும் மூடியும் பூட்டினால் ஃபான் பெட்டியில் எழுதியதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே பெரிய காரியம். ஆகவே இரண்டும் சேர்ந்து 1700 வருமாறு இரண்டு வெளியேற்றும் ஃபான் வாங்குங்கள்.

பலர் பிழைவிடுவது இதற்குப் பிறகுதான். ஃபானைப் பூட்டிவிட்டு மற்ற எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள். ஃபான் இரைந்துகொண்டு சுற்றும், காற்று நகராது. எதிர்ச்சுவரில் இரண்டரைச் சதுர அடி திறப்பு விடுங்கள். ஃபானுக்குப் பக்கத்தில் விட்டால் வந்த காற்று பிள்ளைகளைத் தொடாமலே வெளியேறிவிடும். ஜெனரேற்றரும் குப்பை கொளுத்தும் மூலையும் இருக்கும் பக்கம் வேண்டாம். திறப்பில் ஒரு ரிசுத் தாள் துண்டைப் பிடியுங்கள். உள்நோக்கி இழுபட வேண்டும்.

காபனீரொட்சைட்டை அளக்க என்டிஐஆர் சென்சர் (அகச்சிவப்பு ஒளியால் அந்த வாயுவையே நேரடியாக அளப்பது) உள்ள மீற்றரே வாங்குங்கள். மலிவானவற்றில் பல வேறு வாயுக்களை வைத்து ஊகித்துச் சொல்பவை. வாசனைத் திரவியம் அடித்தாலே எண் பாயும். முற்றத்தில் வைத்தால் 420 அளவில் காட்ட வேண்டும். வகுப்பில் அமர்ந்திருப்பவரின் மூக்கு உயரத்தில், யன்னலுக்கும் ஆளுக்கும் ஒரு மீற்றர் தள்ளி வையுங்கள்.

ஒரு சிக்கல், வாடைக் காலத்துப் புகைமூட்டம். 2022 டிசம்பர் 9 அன்று காற்று மாசால் நாடெங்கும் பாடசாலைகளை மூடினார்கள். அப்படியான நாளில் ஃபான் தூசையும் சேர்த்தே இழுக்கும். மணிக்கு 850 கனமீற்றர் சுத்திகரிக்கும் ஹெப்பா (நுண்தூசு வடிகட்டி) கருவி தூசைப் பிடிக்கும், காபனீரொட்சைட்டைத் தொடாது. எனவே கருவியைப் போட்டு, ஒரு ஃபானை நிறுத்தி, வகுப்பைப் பாதிப் பாதியாகப் பிரித்து 20 பேராக வையுங்கள்.