இருபது வருஷம் கழித்து என்ன விலை போகும்?

தாத்தாவின் ஸ்டாம்ப் ஆல்பத்தை விற்கலாமா என்று கேட்ட வாசகருக்குப் போன மாதம் பதில் எழுதியபோது, "பிற்காலத்தில் விலை போகுமா என்று புது காமிக்ஸ் வாங்கி அடுக்குகிறவர்களும் யோசிக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன.

கே: மகனுக்கு ஆறு வயது. மாதம் 5,000 ரூபாய்க்குப் புதிய அமெரிக்க காமிக்ஸ் வாங்குகிறேன். எல்லாம் முதல் இதழ்கள். பிரிக்காமல் வைத்திருந்து அவன் கல்லூரியில் சேரும்போது விற்பதாகத் திட்டம். நல்ல முதலீடுதானே? (கோவை)

ப: இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் 7,20,000 ரூபாய் போட்டிருப்பீர்கள். அதை அஞ்சலக ஆர்.டி.யில் போட்டால் வட்டியோடு கைக்கு வரும். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நானும் இதில் பணத்தை விட்டவன்.

சூப்பர்மேன் முதன்முதலில் வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938-ல் 10 சென்ட். அதன் ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. உங்கள் மனதில் ஓடுவது இந்தக் கணக்குதான். ஆனால் அப்போது அச்சானது சுமார் 2 லட்சம் பிரதி, இன்று மிஞ்சியிருப்பதோ நூறு அளவில். மீதி எங்கே போயிற்று? பையன்கள் படித்துக் கிழித்தார்கள், அம்மாக்கள் வீட்டை ஒழித்தபோது தூக்கிப் போட்டார்கள், இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பழைய காகிதம் திரட்டியபோது மூட்டை மூட்டையாகக் கூழுக்குப் போயிற்று. சேர்த்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததால்தான் அது இன்று கிடைக்காத பொருளாகிவிட்டது.

இப்போது 1991-க்கு வாருங்கள். 'எக்ஸ்-மென்' புது வரிசையின் முதல் இதழ் ஐந்து வகை அட்டையோடு வந்தது. கடைக்காரர்கள் எடுத்தது 80 லட்சம் பிரதிக்கு மேல். அதிகம் விற்ற தனி இதழ் என்று கின்னஸில் ஏறியது. வாங்கியவர்களில் ஏராளமானோர் உங்களைப் போலவே உறையில் போட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அது புத்தம் புதுசாகச் சில டாலருக்குக் கிடைக்கிறது. விலைவாசி ஏறியதைக் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை.

அதற்கடுத்த ஆண்டு நவம்பரில் சூப்பர்மேன் இறக்கும் இதழ் வந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் உறை. உள்ளே கையில் கட்டிக்கொள்ளக் கறுப்புப் பட்டை, பத்திரிகை இரங்கல் செய்தி, ஸ்டாம்ப், போஸ்டர். நியூஜெர்சியில் இருந்த சித்தப்பா மகனிடம் பணம் கொடுத்து ஐந்து பிரதி வாங்கி வரச் சொன்னேன். அன்றைய என் சம்பளத்தில் அது பெரிய தொகை. பீரோவில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே, இரண்டு துணி சுற்றி வைத்திருந்தேன். 2016-ல் அமெரிக்கா போனபோது எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் உறையைக் கையில்கூட வாங்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து நீளமான வெள்ளை அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்துக் காட்டினார். முழுக்க அதே கறுப்பு உறை, ஒன்றன்பின் ஒன்றாக. அன்று ராத்திரி ஓர் உறையைப் பிரித்துப் படித்தேன். இருபது வருஷத்துக்கு மேல் வீட்டிலேயே இருந்த கதையை அதுவரை படிக்காமல் இருந்திருக்கிறேன். விலை போகாததைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அட்டையிலேயே 'கலெக்டர்ஸ் எடிஷன்' என்று அச்சடித்து விற்கிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. ஒரு பொருள் சேகரிக்கத் தக்கதா என்பதைக் காலமும் வாங்குகிறவர்களும்தான் சொல்ல வேண்டும். அச்சடித்த அன்றைக்கே அச்சடித்தவர் சொல்லக் கூடாது. பளபளக்கும் அட்டை, ஹோலோகிராம் அட்டை, ஒரே கதைக்கு ஐந்து அட்டை என்று தொண்ணூறுகளில் போட்டுத் தள்ளினார்கள். ஒரே ஆளை ஐந்து முறை வாங்க வைக்கத்தான் அத்தனையும். வாங்கியவர்கள் விற்கப் போனபோது எதிரில் நின்றவர்களும் விற்க வந்தவர்களாகவே இருந்தார்கள். ஆயிரக்கணக்கான கடைகள் மூடின. 1996 டிசம்பரில் 'எக்ஸ்-மென்' வெளியிட்ட மார்வெல் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. அதில் நஷ்டப்பட்டவர்களில் பாக்கெட் மணியைச் சேர்த்து வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் 'இது உன் எதிர்காலத்துக்கு' என்று சொல்லி விற்றதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் மகனுக்கு வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள். ஆனால் பிரித்து அவன் கையில் கொடுங்கள்.

கே: அப்படியானால் 1980-க்குப் பிறகு வந்த எதுவுமே விலை ஏறவில்லையா? (தஞ்சாவூர்)

ப: ஏறியிருக்கிறது. 1984-ல் இரண்டு இளைஞர்கள் கடன் வாங்கிச் சொந்தமாக அச்சடித்த 'டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்ட்டில்ஸ்' முதல் இதழ் மூவாயிரம் பிரதி சொச்சம்தான். கிட்டத்தட்டப் புதுசு போலவே இருக்கும் பிரதி ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருக்கிறது. 2003-ல் கறுப்பு வெள்ளையில் வந்த 'வாக்கிங் டெட்' முதல் இதழ் ஏழாயிரத்துச் சொச்சம். டி.வி. தொடர் வந்த பிறகு அது ஆயிரம் டாலர்களில் போயிற்று. இரண்டுமே குறைவாக அச்சாகி, வந்தபோது இவ்வளவு பெரிதாகும் என்று யாரும் நினைக்காதவை. அந்த மாதத்தில் அதே போல் வந்து மறைந்த நூறு தலைப்புகளில் எது தேறும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் எனக்கும் இன்றைக்குத் தெரியாது.

கே: '1:50 வேரியன்ட்' அட்டை, மிக அபூர்வம் என்று 12,000 ரூபாய் சொல்கிறார்கள். (மதுரை)

ப: கடைக்காரர் சாதா அட்டைப் பிரதி ஐம்பது எடுத்தால் அந்த அட்டை ஒன்று கொடுப்பார்கள், அதுதான் 1:50. உள்ளே அதே கதை, அதே பக்கங்கள். அடுத்த மாதம் இன்னொரு 1:50 வரும். வேண்டாம்.

கே: அப்பா இறந்த பிறகு பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய முத்து, லயன், ராணி காமிக்ஸ் கிடைத்தன. இருநூறுக்கு மேல் இருக்கும். பழைய பேப்பர் கடைக்காரர் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். (திருச்சி)

ப: அம்மா, தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பதற்றமாகவே இருந்தது.

முத்து காமிக்ஸ் 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. லயனும் ராணியும் 1984. முன்பு சொன்ன அமெரிக்கப் பழைய இதழ்களின் கதைதான் இவற்றுக்கும். வாடகை நூலகங்களில் கை மாறிக் கை மாறி நைந்தன, கடலை மடிக்கப் போயின, மழையில் நனைந்து எடைக்குப் போயின. அதனால் நல்ல நிலையில் இருக்கும் எழுபதுகளின் முத்து இதழ்களுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க ஆள் இருக்கிறது. எல்லா இதழுக்கும் அந்த விலை வராது. ராணி காமிக்ஸ் 2005 வரை வந்தது, பிற்கால இதழ்கள் இன்னும் நிறையப் பேரிடம் இருக்கின்றன.

முதலில் பெட்டியை ஈரமில்லாத அறைக்கு மாற்றுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள், பழைய தாள் நொறுங்கும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். நாள்பட அந்தப் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் அப்படியே இருக்கட்டும். ஒரு நோட்டில் இதழ் பெயர், எண், ஆண்டு, அட்டை இருக்கிறதா, நடுப்பக்கம் இருக்கிறதா, ராமபாணப் பூச்சி துளைத்திருக்கிறதா என்று எழுதுங்கள். நடுப்பக்கத்தை அவசியம் பாருங்கள். பின் தளர்ந்தால் முதலில் கழன்று விழுவது அதுதான், அது இல்லாவிட்டால் விலை பாதிக்கும் கீழே போகும். அப்புறம் மொத்தமாகப் பேசாமல், குறைந்தது மூன்று சேகரிப்பாளர்களிடம் தனித்தனியாக விலை கேளுங்கள். "எல்லாவற்றையும் நானே எடுத்துக்கொள்கிறேன், இன்றைக்கே முடித்துவிடலாம்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் எதையும் முடிக்காதீர்கள்.

உங்கள் அப்பா அட்டையின் மூலையில் பேனாவால் பெயர் எழுதியிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். விற்கும்போது அதனால் விலை குறையும். ஆனால் அப்படி நாலைந்து இதழ்களை விற்காமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கே: கெட்டுப் போகாமல் இருக்க லேமினேட் செய்யலாமா? (சென்னை)

ப: கூடாது.

கே: ஃபேஸ்புக் குழுவில் ஒருவர் எழுபதுகளின் முத்து காமிக்ஸ் எட்டு இதழ் விற்பதாகப் போட்டார். ஜி-பேயில் 18,500 ரூபாய் அனுப்பினேன். வந்தவை கலர் ஜெராக்ஸ். பழைய தாள் போலத் தெரிய மஞ்சள் தாளில் அடித்திருக்கிறார்கள். கேட்டால் பிளாக் செய்துவிட்டார். படித்தவன், ஏமாந்தேன் என்று வீட்டில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. (சேலம்)

ப: வெட்கப்பட வேண்டியவர் அந்த ஆள். சின்ன வயதில் படித்த புத்தகத்தை மறுபடி தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டீர்கள், அந்த ஆசையைத்தான் அவர் காசாக்கியிருக்கிறார். இன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இது எவ்வளவு சீக்கிரம் நடக்கிறதோ அவ்வளவு நல்லது, பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. பணம் அனுப்பிய ரசீது, உரையாடல், அவர் போட்ட விளம்பரம், பார்சல் உறை எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

நுகர்வோர் ஆணையம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விற்றவர் இதையே தொழிலாகச் செய்கிறவர் என்று காட்ட முடிந்தால் அங்கே போகலாம். 1915-ல் பேசினால் வழி சொல்வார்கள். இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும், உங்கள் தொகைக்குக் கட்டணம் கிடையாது. வீட்டில் இருந்த புத்தகத்தை ஒரு தடவை விற்ற தனி ஆள் என்றால் அந்தச் சட்டம் கைகொடுக்காது, காவல்துறைதான்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. கண்காட்சி ஒன்றில் 4,000 ரூபாய் கொடுத்து 'முதல் பதிப்பு' என்று வாங்கி வந்தேன். வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பழைய நியூஸ்பிரின்ட் தாள் ஓரத்திலிருந்துதான் பழுக்கும், ஓரம் காபி நிறத்திலும் நடு கொஞ்சம் வெளுப்பாகவும் இருக்கும். என்னுடையது ஓரமும் நடுவும் ஒரே மஞ்சள். பின்னைச் சுற்றித் துருக்கறை இல்லை. இனி வாங்கும்போது விளிம்பு, பின், நடுப்பக்கம் மூன்றையும் வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் பணம் அனுப்பாதீர்கள்.

கே: 2021-ல் கிரேடிங் செய்து சீல் வைத்த 9.8 பிரதி ஒன்றை 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். அந்த வருஷம் வந்த இதழ்தான். இன்று 8,000-க்குக்கூட ஆள் இல்லை. விற்றவர் "விலை ஏறும்" என்று வாட்ஸ்அப்பில் சொன்னார். வழக்குப் போடலாமா? (பெங்களூரு)

ப: உங்களுக்குக் கொடுப்பதாகச் சொன்ன பொருளைத்தான் கொடுத்திருக்கிறார். விலை இறங்கியது மோசடி ஆகாது. 42,000 ரூபாய்க்கு ஃப்ரிட்ஜ் வாங்குவதாக இருந்தால் நாலு கடை ஏறி இறங்கியிருப்பீர்கள். இதற்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதுமாக இருந்திருக்கிறது.

2000-ல் அமெரிக்காவில் சி.ஜி.சி. என்ற நிறுவனம் தொடங்கிய பிறகு, காமிக்ஸுக்கு 10-க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் வழக்கம் பரவியது. அறுபது வருஷத்துக்கு முந்தைய இதழ் 9.8 வாங்கினால் அது அதிசயம். போன மாதம் அச்சான இதழ் கடையிலிருந்து நேராக உறைக்குப் போய், அங்கிருந்து நேராகக் கிரேடிங்குக்குப் போகிறது. அது 9.8 வாங்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும். கோவிட் முடக்கத்தில் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து வாங்கியதால் விலை ஏறியது, 2022-லிருந்து இறங்கியது. நீங்கள் உச்சியில் வாங்கியிருக்கிறீர்கள்.

கே: தமிழில் இப்போது வரும் கெட்டி அட்டைச் சிறப்பிதழ்கள் குறைந்த எண்ணிக்கையில்தான் அச்சாகின்றன. படிக்க ஒன்று, பிற்காலத்தில் விற்க ஒன்று என்று இரண்டிரண்டு முன்பதிவு செய்கிறேன். இது லாபம் தருமா? (திருநெல்வேலி)

ப: குறைவாக அச்சாவது உண்மை. தீர்ந்துபோன சில இதழ்கள் கொஞ்ச காலம் அட்டை விலைக்கு மேலே போவதும் உண்மை. ஆனால் மறுபதிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 'இரத்தப் படலம்' என்ற தொடர்கதை 2010-ல் கறுப்பு வெள்ளையில் ஒரே தடிமன் புத்தகமாக வந்தது, 2018-ல் வண்ணத்திலேயே வந்துவிட்டது. படிக்க நினைப்பவர் வண்ணத்தைத்தான் தேடுவார்.

இன்னொன்றும் கேட்கிறேன். நீங்கள் விற்கப் போகும்போது வாங்க வருபவர் யார்? புத்தகத் திருவிழாவில் காமிக்ஸ் ஸ்டாலில் நின்று பார்த்திருக்கிறேன். வரிசையில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் என் வயதுக்காரர்கள். ஒரு முறை அப்பாவோடு வந்த பத்து வயதுப் பெண் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒரு புத்தகத்தை முழுக்கப் படித்து முடித்துவிட்டாள். ஸ்டாலில் இருந்தவர் அவளை எழுப்பவில்லை. இருபது வருஷம் கழித்துப் பழைய இதழ் தேடி வரப்போவது அவளைப் போல நாலு பேர்தான். அவர்கள் கையில் இப்போது புத்தகம் இருந்தால்தான் அப்போது தேடுவார்கள். வாங்கி வைத்திருக்கும் இரண்டாம் பிரதிகளை அக்கா பிள்ளைகளுக்கோ பக்கத்துப் பள்ளிக்கோ கொடுத்துவிடுங்கள். அடுத்த முன்பதிவில் எண்ணிக்கை 2 என்று இருப்பதை 1 என்று மாற்றி அனுப்புங்கள்.