தெப்பக்குளத்தைச் சுற்றும் நேரம் வீண்தானா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு வயது 56. சர்க்கரை இருப்பதால் தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, எங்கள் தெருவைச் சேர்ந்த தோழியர் இருவருடன் காலையில் மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்து வருகிறேன். நடந்து முடித்ததும் குளத்துச் சுவரில் சற்று நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வீடு திரும்புவோம். அண்மையில் ஓய்வு பெற்ற என் கணவர், "நடக்கப் போகிறாயா, ஊர்க்கதை பேசப் போகிறாயா?" என்று கேட்கிறார். சென்னையில் வேலை பார்க்கும் மகனோ, டிரெட்மில் வாங்கி அனுப்பிவிட்டான். அதில் ஏறினால் பத்து நிமிடத்தில் சலித்துவிடுகிறது.

தோழியரில் ஒருவர் கணவரை இழந்தவர். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் "இருக்கேன்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லாதவர், ஒரு நாள் மைய மண்டபத்தைப் பார்த்து நடந்துகொண்டே, மருத்துவமனையில் கழிந்த கடைசி இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நாங்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நடையையும் நிறுத்தவில்லை. அன்று வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதலாக நடந்தோம்.

வீட்டிலேயே இயந்திரம் இருக்கும்போது, என் சந்தோஷத்துக்காக இவ்வளவு நேரம் வெளியே செலவிடுவது சுயநலமா? இந்தக் குற்ற உணர்வு என்னை அரிக்கிறது.

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

சுயநலம் இல்லை. உங்கள் கேள்விக்கான விடையும் உங்கள் கடிதத்திலேயே, அந்தத் தோழியைப் பற்றி எழுதிய வரிகளில் இருக்கிறது. எதிரெதிரே உட்கார்ந்து "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்கும்போது, கேட்பவரின் முகம் வாடுகிறதா, இரக்கப்படுகிறதா என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டிய சுமை துக்கத்தில் இருப்பவர்மேல் விழுகிறது. பக்கத்தில் நடப்பவரிடம் அந்தச் சுமை இல்லை. பார்க்கக் குளம் இருக்கிறது, வானம் இருக்கிறது. பேச்சு இடையில் நின்றுவிட்டால் அந்த மௌனத்தை நடையே நிரப்பிவிடுகிறது. ஆலோசனை அறையில் நான் பாடுபட்டு உருவாக்க முயலும் சூழல் உங்களுக்குத் திருமலை நாயக்கர் வெட்டிய குளத்தின் கரையில் இயல்பாகவே அமைந்திருக்கிறது.

உடல்நலத்தின் கணக்கிலும் நீங்கள் குறை வைக்கவில்லை. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மிதமான வேகம் என்பதற்கு மருத்துவர்கள் சொல்லும் எளிய அடையாளம், பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது என்பதுதான். ஆகவே பேசிக்கொண்டே நடப்பவர் ஏமாற்றி நடப்பவர் அல்லர். டிரெட்மில்லைக் குறை சொல்லவில்லை. ஐப்பசி மழைக்கு அது உதவும். ஆனால் திறந்த வெளி மனத்துக்குத் தருவது வேறு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், இயற்கைச் சூழலில் 90 நிமிடங்கள் நடந்தவர்களுக்குத் தம்மைப் பற்றிய கவலைகளையே திரும்பத் திரும்ப அசைபோடும் போக்கு குறைந்திருந்தது. வாகன நெரிசல் மிக்க சாலையோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. தெப்பக்குளச் சாலையிலும் வாகனங்கள் உண்டு என்பதால், அவை பெருகுவதற்கு முந்தைய காலைப் பொழுதை விட்டுவிடாதீர்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. தீர்க்க வழியில்லாத ஒரே குறையை நாள்தோறும் மூவரும் சேர்ந்து கிளறிக்கொண்டிருந்தால், நட்பு நெருக்கமாகும், மனமோ கனத்துப்போகும். உதாரணமாக, மருமகளைப் பற்றிய பேச்சு மூன்றாவது நாளும் அதே இடத்தில் சுற்றினால், யாராவது ஒருவர் சமையலுக்கோ கோயிலுக்கோ பேச்சைத் திருப்பலாம். தோழி மனம்விட்டுச் சொன்னவை உங்கள் மூவருக்குள் இருக்கட்டும்; வீட்டில் கணவரிடம்கூட வேண்டாம்.

உங்கள் கணவரின் கேள்வியை நான் வெறும் அதட்டலாகப் பார்க்கவில்லை. வேலைக்குப் போன காலம் முழுவதும் அலுவலகத்திலும் டீக்கடையிலும் பேச ஆள் இருந்தவர், ஓய்வுக்குப் பிறகு, நீங்கள் திரும்பி வரும் வரை வெறும் வீட்டில் செய்தித்தாளுடன் உட்கார்ந்திருக்கிறார். நம் ஊர் ஆண்கள் பலர் தனிமையைத் தனிமை என்று சொல்லத் தெரியாமல் கோபமாகத்தான் வெளிப்படுத்துகிறார்கள். ஆனால் அதற்காகத் தோழியருடனான நடைக்கு அவரையும் அழைத்துப் போகாதீர்கள்; அவர் உடனிருந்தால் அந்தத் தோழி மறுபடியும் "இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மாலையில் அவரோடு தனியாக ஒரு சுற்று நடங்கள். அவருடைய பழைய நண்பர்களில் அருகில் இருப்பவர் யாரென்று கேட்டு, அவரோடு நடக்கச் சொல்லுங்கள்.

காலையில் கிளம்பும்போது காரணம் சொல்லி அனுமதி கேட்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். "போயிட்டு வரேன்" என்பது போதும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்