பனிக்காலக் காட்டுக்குதிரைகள்: எவ்வளவு அருகில் போகலாம்?

கேள்வி: ஜனவரியில் அமெரிக்காவின் பிரையர் மலைக் காட்டுக்குதிரைகளைப் படமெடுக்கப் போகிறேன். எவ்வளவு கிட்டே போகலாம்? ஒரு குடும்பத்தை எப்படி அடையாளம் காண்பது? பனியில் எடுக்கும் படமெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் வருகிறதே, ஏன்?

பதில்: மலையுச்சிப் புல்வெளிக்கு ஏறும் கரட்டுப் பாதைகளைப் பனி மூடியிருக்கும், அந்தப் பக்கம் முயல வேண்டாம். வயோமிங் மாநிலத்தின் லவல் ஊரிலிருந்து பிக்ஹார்ன் பள்ளத்தாக்கை ஒட்டிச் செல்லும் 37-ஆம் எண் சாலையில் போங்கள். அந்தத் தாழ்நிலத்தில் சில குடும்பங்கள் ஆண்டு முழுக்க மேய்கின்றன.

அங்கே 100 அடிக்குள் நெருங்கக் கூடாது. குதிரைகளைத் தொந்தரவு செய்வது காட்டுக்குதிரைகளைக் காக்கும் 1971-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி குற்றம். ஆனால் பனிக்காலத்தில் 100 அடியே போதாது என்பேன். குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதம். வசந்தத்தில் ஈனவேண்டிய பெண் குதிரைகள் ஜனவரியில் வயிற்றுக் குட்டியோடுதான் பனியைக் குளம்பால் கிளறிக் காய்ந்த புல்லைத் தின்கின்றன. தண்ணீர் இல்லாத இடத்தில் பனியையே தின்று தாகம் தீர்க்கின்றன. இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பு புதுப்புல் முளைக்கும்வரை தாங்க வேண்டும். உங்களால் அவை ஒருமுறை மிரண்டு ஓடினாலும் செலவாவது அந்தக் கொழுப்புதான்.

எனவே தூரத்தை அடிக்கணக்கில் மட்டும் பார்க்காதீர்கள், குதிரைகளைப் பாருங்கள். கிளறும் குளம்பு நின்று, தலைகள் நிமிர்ந்து, காதுகள் உங்கள் பக்கம் திரும்பினால் நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். மெல்லப் பின்வாங்குங்கள். ஆண் குதிரை கழுத்தைத் தாழ்த்தி, காதை மடக்கி, பின்னாலிருந்து குடும்பத்தை ஓட்டத் தொடங்கினால் அன்றைக்கு அந்தக் குடும்பத்தை விட்டுவிடுங்கள். சாலையோரம் நிற்கின்றனவா? எஞ்சினை அணைத்துவிட்டுக் காருக்குள் இருந்தே எடுங்கள். முதுகில் பனி உறைந்திருப்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத் தீனி போடவே கூடாது. அடர்ந்த ரோமம் உடற்சூட்டை வெளியே விடாததால்தான் அந்தப் பனி உருகாமல் கிடக்கிறது.

குடும்பத்தை அறியப் பொறுமைதான் வேண்டும். கேமராவை எடுக்குமுன் பைனாகுலரில் நெடுநேரம் பாருங்கள். ஓய்வெடுக்கும்போது யார் யாரை ஒட்டி நிற்கிறார்கள் என்பதே பெரிய துப்பு. ஒரு ஆண் குதிரை பெரும்பாலும் ஓரத்தில் நிற்கும். நடுவில் பெண் குதிரைகளும், தாயை விட்டு அகலாத சென்ற வசந்தத்துக் குட்டிகளும். இளம் ஆண்கள் மட்டுமே சேர்ந்து விளையாட்டுச் சண்டை போட்டால் அது வேறு கூட்டம். குளிர்கால ரோமத்தில் நிறமும் முதுகுக்கோடும் மங்கித் தெரியும். நெற்றிச் சுட்டியையும் கால் வெள்ளையையும் குறித்துக்கொண்டால் குழப்பம் வராது.

சாம்பல் நிறத்துக்குக் காரணம் கேமராவின் ஒளியளவி. வெண்மையைக் கண்டதும் அதிக வெளிச்சம் என்று எண்ணி அது படத்தை இருட்டாக்குகிறது. எக்ஸ்போஷரை 1 முதல் 1⅔ ஸ்டாப் வரை கூட்டி (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்), படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது விளிம்பு வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பனி தெறிக்கும் குளம்புக்கு 1/1000 நொடி ஷட்டர் வேகம், 400 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ். உபரி பேட்டரியைச் சட்டைக்குள் வைத்திருங்கள், குளிரில் அது சீக்கிரம் தீரும். வெதுவெதுப்பான அறைக்குள் நுழையுமுன் கேமராவைக் காற்றுப்புகாத பையில் போட்டு மூடுங்கள். அறைச்சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காவிட்டால் லென்ஸில் நீர் கோக்காது.