மைன்கிராஃப்ட் இருக்க, மூளைப் பயிற்சிச் சந்தா எதற்கு?

கேள்வி: பத்து வயது மகன் எந்நேரமும் மைன்கிராஃப்ட் (கட்டங்களை அடுக்கி வேண்டியதைக் கட்டும் கணினி விளையாட்டு) ஆடுகிறான். "அதை நிறுத்திவிட்டு எங்கள் மூளைப் பயிற்சி விளையாட்டுகளுக்கு ஓராண்டுச் சந்தா கட்டுங்கள், கணக்கில் மதிப்பெண் ஏறும்" என்கிறார் ஒரு விற்பனைப் பிரதிநிதி. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். விளையாட்டில் பிள்ளை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறானோ, பெரும்பாலும் அதில்தான் தேறுவான். வண்ணக் கட்டங்களைப் பொருத்திப் பழகினால் கட்டம் பொருத்தும் வேகம் கூடும். பின்னக் கணக்கு வராது. பள்ளியிலும் வேலையிலும் திறன் கூடும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக லூமோசிட்டி என்ற மூளைப் பயிற்சிச் செயலியின் நிறுவனம் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2016-இல் 20 லட்சம் டாலர் கட்டித்தான் அந்த நிறுவனம் விவகாரத்தை முடித்துக்கொண்டது.

உங்களிடம் வந்தவர் முதலில் 'இலவசச் சோதனை' வைப்பார். ஒரு மாதம் கழித்து அதே சோதனையில் மதிப்பெண் ஏறியிருக்கும். ஏறாமல் என்ன செய்யும்? சோதனை பழகிவிட்டதே!

சரி, மைன்கிராஃப்டில் என்ன இருக்கிறது? ரெட்ஸ்டோன் என்று ஒன்று உண்டு; விளையாட்டுக்குள் அதுதான் மின்கம்பி மாதிரி. லீவரை இழுத்தால் அதன் சமிக்ஞை 15 கட்டம் வரைதான் ஓடும். தாண்டிப் போக, சமிக்ஞைக்கு மறுபடி வலுவேற்றும் ரிப்பீட்டர் வைக்க வேண்டும். தூரத்தில் உள்ள கதவுக்கு எத்தனை ரிப்பீட்டர், எங்கெங்கே என்று எண்ணாமல் கதவு திறக்காது. இரண்டு லீவரையும் இழுத்தால் மட்டும் திறக்கும் கதவைக் கட்டிவிட்டான் என்றால், கணினிச் சில்லுக்குள் 'இதுவும் அதுவும் இருந்தால் மட்டும்' என்று முடிவெடுக்கும் லாஜிக் கேட் ஒன்றைக் கட்டிவிட்டான் என்று பொருள்.

வீடியோவைப் பார்த்து அப்படியே அடுக்கினால் இது படிப்பில் சேராது. பார்த்து அடுக்கியது வேலை செய்யாமல், எங்கே தப்பு என்று தேடினானானால் சேரும். தேடி அலுத்து மறுபடி வீடியோவுக்கே போனால், பாதி சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் தேர்வில் மதிப்பெண் கிடையாது. விடைத்தாளுக்கு வெளியே நடப்பதைப் படிப்பு என்று ஒத்துக்கொள்ள தேர்வு வைப்பவர்களுக்கு மனமில்லை. மதிப்பெண்ணுக்காகப் பெற்றோர் ஏங்கும் அந்த ஏக்கத்தில்தான் இந்தப் பிரதிநிதிகள் கடை விரிக்கிறார்கள். விளையாட்டுகளுக்கு வயது முத்திரை உண்டு. 'கல்வி' என்ற பெயரையோ யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

இன்று மாலை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தக் கதவு எப்படித் திறக்கிறது?" என்று கேளுங்கள். சொன்னதும், "பத்து கட்டம் தள்ளி வைத்தால்?" என்று கேளுங்கள். அப்புறம், இலவச மாதத்துக்காக அட்டை எண்ணை ஏற்கெனவே கொடுத்திருந்தால், தானாகப் புதுப்பிக்கும் வசதியை முதலில் நிறுத்துங்கள்.