தேஷிமா தீவில் அந்த ஒரு மியூசியம் தவிர வேறு என்ன இருக்கிறது?

கேள்வி: "ஜப்பானில் நவோஷிமா தீவைப் பார்த்துவிட்டோம். பக்கத்தில் தேஷிமா என்று ஒரு சின்னத் தீவு. அங்கே ஒரு மியூசியம் தவிர ஒன்றுமில்லை என்கிறார்கள். ஒரு நாளைச் செலவழிக்கலாமா?"

ஒகயாமாவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். உனோ துறைமுகத்திலிருந்து படகேறி நாலு தடவை அங்கே போய்வந்திருக்கிறேன். 'ஒன்றுமில்லை' என்று படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

போன முறை அம்மாவையும் கூட்டிப்போனேன். அம்மாவுக்கு மன்னார்குடி பக்கம், வயல் பார்த்தே வளர்ந்தவர். கராத்தோ கிராமத்துச் சரிவில் படிப்படியாக இறங்கி கடலைத் தொடும் நெல்வயல்களைப் பார்த்துவிட்டு, "தண்ணி எங்கேர்ந்துடா வருது?" என்றுதான் முதலில் கேட்டார். சரியான கேள்வி. தீவைச் சுற்றியுள்ள செத்தோ உள்நாட்டுக் கடல் பக்கம் மழை குறைவு, தேஷிமா இருக்கும் ககாவா மாகாணமே தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்குப் பேர்போனது. ஆனால் வெறும் 14.5 சதுர கிலோமீட்டர் உள்ள இந்தத் தீவில், சுமார் 340 மீட்டர் உயர தன்யாமா மலை மழையை உள்வாங்கி ஊற்றாகத் தருகிறது. பக்கத்துத் தீவுகள் தண்ணீருக்குத் தவித்தபோதும் இங்கே நெல் விளைந்தது. தீவின் பெயருக்கே 'வளம் நிறைந்த தீவு' என்றுதான் பொருள். சூடு தாங்கும் மிருதுவான கல்லை வெட்டி அடுப்பும் கல்விளக்கும் செய்து விற்றார்கள். மாடு வளர்த்துப் பாலும் விற்றார்கள்.

இந்தத் தீவில்தான் குப்பை கொட்டினார்கள். மேற்கு முனையில் இருந்த மணலைத் தோண்டி விற்ற ஒரு நிறுவனம், மண்புழு வளர்க்கப்போகிறோம் என்று 1978-இல் அனுமதி வாங்கியது. வந்து இறங்கியதோ உடைத்து நொறுக்கிய கார்களின் கழிவும் கழிவு எண்ணெயும். வெட்டவெளியில் வைத்து எரித்தார்கள். ஊர்க்காரர்கள் முறையிட்டபோது, அது குப்பையே இல்லை, காசு கொடுத்து வாங்கிய பொருள் என்று மாகாண அரசும் சேர்ந்து சொன்னது. அதற்கு முன்பே, கடல் நீலமாக இருக்கிறது, காற்று சுத்தமாக இருக்கிறது, தீவு மக்களின் மனம்தான் சாம்பல் நிறம் என்று அன்றைய ஆளுநர் பேசியிருந்தார். கடைசியில் 1990-இல் வந்து சோதனை போட்டது கடலுக்கு அந்தப் பக்கத்து ஹியோகோ மாகாணப் போலீஸ்.

'குப்பைத் தீவு' என்ற பேர் அதற்குள் நிலைத்துவிட்டது. 1993-இல் 500-க்கும் மேற்பட்டவர்கள் சமரசத் தீர்வு கேட்டு மனு போட்டார்கள். மாகாணத் தலைநகர் தகாமத்சுவில் அரசு அலுவலக வாசலில் ஆறு மாதம் போல முறைவைத்து நின்றார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். 2000 ஜூனில் தீர்வு வந்தது. நஷ்டஈடு வேண்டாம் என்று விட்டுக்கொடுத்து, குப்பையை அள்ளுங்கள், மன்னிப்புக் கேளுங்கள் என்று மட்டும் நின்றார்கள். ஆளுநர் தீவுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். சுமார் 9 லட்சம் டன் கழிவைக் கப்பலில் நவோஷிமாவுக்குக் கொண்டுபோய் உருக்கினார்கள். அள்ளி முடித்தது 2017-இல். நீங்கள் பார்த்துவிட்டு வந்த அதே நவோஷிமாதான்.

அந்த இடத்தில் ஒரு சிறிய காட்சிக்கூடம் இருக்கிறது. குப்பை மேட்டின் வெட்டுமுகத்தை அப்படியே பெயர்த்துச் சுவரில் வைத்திருக்கிறார்கள். கருகிய அடுக்குகளுக்கு நடுவே சீட் ஸ்பான்ஜ், ஒயர்த் துண்டு, ரப்பர். அம்மா கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "வயலுக்குப் பக்கத்திலயா கொட்டினாங்க?" என்றார். கூட வந்த ஊர்ப் பெரியவருக்கு ஜப்பானியத்தில் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை, அம்மாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

ஜப்பான் புகழ் பாடுகிறான் என்று யாராவது கமெண்ட் போடுவீர்கள். மேலே எழுதியதைப் படித்தால் புகழா என்று தெரியும். குப்பை என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பில் யாராவது குப்பையைத் தப்பாகப் பிரித்துப் போட்டால், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பை என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். வெளிநாட்டுக்காரன்தான் போட்டிருப்பான் என்று முடிவுகட்டிவிடுவார்கள். மூன்று முறை பையைத் திறந்து காட்டி நிரூபித்தேன். ஒருத்தரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் மனதில் இருக்கிறது.

மியூசியத்தையும் நான் குறை சொல்லவில்லை. 2010-இல் திறந்தது, தூணே இல்லாத வெள்ளைக் கான்கிரீட் கூடு. தரையிலிருந்து தண்ணீர் முத்து முத்தாகக் கசிந்து ஓடும். அவசியம் பாருங்கள். ஆனால் குப்பை இருந்த இடத்தை முதலில் பாருங்கள். முன்பதிவு செய்தால் ஊர்க்காரர்களே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். கடைசிப் படகு நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் கராத்தோ ஊற்றில் அம்மா ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்தார். குடிப்பதற்கு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் சாமி முன்னால் இருந்த சொம்பைக் கழுவி அதில் ஊற்றி வைத்தார்.