காதில் மெஷின் போட்டிருக்கும் 9 வயது மகளை மிருதங்க வகுப்பில் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேர்க்கலாம். எனக்கு வயது 24, இரண்டு காதிலும் மெஷின். பதினொரு வருடமாக மிருதங்கம் வாசிக்கிறேன். சின்னச் சின்னக் கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியமாகவும் போகிறேன்.

எனக்குப் போயிருப்பது கீச்சென்ற ஒலிகள். தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் இடது பக்கத்தில், விழும் 'தோம்' தொடையிலேயே தெரிந்துவிடும். வலது பக்கமான வலந்தலையில் கணீரென்று ஒலிக்கும் மீட்டும், சாகித்யத்தில் (பாட்டின் வரிகளில்) வரும் 'ச', 'த' மாதிரி எழுத்துகளும்தான் நழுவும். அதனால் பாட்டு இல்லாமல் தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் பெரிய விஷயமில்லை. அதை முடிக்க வாசிக்கும் மோரா, கோர்வை என்ற தாளக் கோவைகளெல்லாம் கணக்குதானே. பாட்டுக்கு வாசிப்பதுதான் பெரும்பாடு.

ஒன்றை முதலிலேயே கவனியுங்கள். காது மெஷினைச் செய்திருப்பது பேச்சுக்காக. பாட்டுக்கு ஆதார சுருதியைத் தரும் சுருதிப் பெட்டி விடாமல் ஒலித்தால், தன்னிடமிருந்து கிளம்பிய 'கூ' சத்தம் என்று நினைத்து அதை அமுக்கப் பார்க்கும். சுருதி நடுங்கும். என் காதுதான் இன்னும் மோசமாகிவிட்டது என்று ஒரு வருடம் பயந்துகொண்டிருந்தேன். கடைசியில் சுருதிப் பெட்டியையே ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) தூக்கிக்கொண்டு போனேன். பத்தே நிமிடத்தில் இசைக்கென்று தனி ப்ரோக்ராம் போட்டுக் கொடுத்தார்.

அப்புறம், மறைக்க விடாதீர்கள். நான் முடி வளர்த்து மெஷினை மறைத்தவன். ஒரு கோயில் கச்சேரியில் பாட்டுக்குத் தாளம் தொடங்கி அரை இடம் தள்ளித்தான் எடுப்பு, அதாவது ஆரம்பம். நான் சமத்திலேயே, தாளத்தின் முதல் தட்டிலேயே, ஆரம்பித்துவிட்டேன். வயலின் வாசித்தவர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! இப்போதெல்லாம் மேடையேறும் முன்பே சொல்லிவிடுவேன்: "அண்ணா, எனக்குக் காது மந்தம். தாளம் போடுற கை தெரியுற மாதிரி உட்காருங்க." இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை.

ஸ்காட்லாந்தின் தாளவாத்தியக் கலைஞர் ஈவ்லின் கிளென்னியைப் பற்றி மகளுக்குச் சொல்லுங்கள். 12 வயதுக்குள் செவித்திறன் பெரும்பாலும் போய்விட்டது. பள்ளி ஆசிரியர் டிம்பனி என்ற பெரிய மேளத்தை அடித்துவிட்டுச் சுவரில் கை வைத்துப் பார்க்கச் சொன்னாராம். கனத்த ஒலி காலில், மெல்லிய ஒலி முகத்திலும் கழுத்திலும் என்று பழகிக்கொண்டார். மேடையில் வெறுங்காலோடு நிற்பதும் அதற்குத்தான். லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் முதலில் அவரைச் சேர்க்கத் தயங்கியது. 1989இல் கிராமி வாங்கினார். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஆயிரம் டிரம் கலைஞர்களுக்கு முன்னால் நின்று வாசித்ததும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளி ஒன்றுக்குப் போய் தாளம் சொல்லிக்கொடுக்கிறேன். சேவை என்றெல்லாம் இல்லை. இந்தப் பிள்ளைகளின் வயதில் எனக்கு இப்படி ஒரு அண்ணன் இருந்திருக்கலாமே என்ற ஏக்கம்தான். மிருதங்கத்தை மரப்பெஞ்சில் வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கட்டையில் உள்ளங்கையை வைக்கச் சொல்வேன். போன மாதம் அவசரத்தில் தொப்பிக்கு, கனத்த ஒலி வருவதற்காக ஒட்டும் ரவையை ஒட்டாமலே ஆரம்பித்துவிட்டேன். இரண்டு தட்டுதான். ஒரு சின்னப் பெண் கையை எடுத்துவிட்டு, 'இல்லை' என்று தலையாட்டினாள். பக்கத்தில் மூடியிருந்த ரவை டப்பாவைக் காட்டினாள்.